சுற்றிலும் தேயிலைத் தோட்டம், நடுவில் ஆர்மீனியா

ஆர்மீனியாவுக்கு அண்டை நாடுகள் நான்கு. நான்கிலும் தேயிலை விளைகிறது. மேற்கே துருக்கியில் ரீஸே, வடக்கே ஜார்ஜியாவில் குரியாவும் அஜாராவும், கிழக்கே அஜர்பைஜானில் காஸ்பியன் கரையோர லங்கரான், தெற்கே ஈரானில் லாஹிஜான். இவற்றுக்கு நடுவே கிடக்கும் 29,743 சதுர கிலோமீட்டர் மலைநாட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு தேயிலைத் தோட்டம் இல்லை.

காரணம் மழை. தேயிலைச் செடிக்கு ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும், மண் புளிப்பாக இருக்க வேண்டும், குளிர்காலம் உறைபனியாக இறுகக் கூடாது. கருங்கடல் ஓரத்துப் பட்டூமியிலும் ரீஸேயிலும் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. லங்கரானும் லாஹிஜானும் காஸ்பியன் கடலின் ஈரக்காற்றை மலைச்சுவர் தடுத்து மழையாக்கும் இடங்கள். அந்த மலைச்சுவர்களுக்கு மறுபக்கம், ஈரம் வற்றிய காற்று வந்து சேரும் மேட்டுநிலம்தான் ஆர்மீனியா. நாட்டின் சராசரி மழை அறுநூறு மில்லிமீட்டரை எட்டாது. தலைநகர் யெரெவானில் அதில் பாதிதான். சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர். பனி மாதக்கணக்கில் கிடக்கும். இங்கே தேயிலையை நட்டால் முதல் குளிர்காலத்தையே அது தாண்டாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றுலா விளம்பரங்களும் அழகான மூலிகைப் பொட்டலங்களும் 'ஆர்மீனியத் தேநீர் மரபு' என்று ஒன்றைப் பல நூற்றாண்டுகள் அறுபடாமல் வந்ததுபோல் பேசுகின்றன. பார்த்தால் அது இரண்டு வழக்கங்கள். ஒன்று, வெளியாரோடு வந்த கறுப்புத் தேநீர். அங்கே வேரூன்றி இருநூறு ஆண்டுகூட ஆகியிராது. மற்றொன்று, மலைச்சரிவில் பறித்த தைம் என்ற வாசச்செடியும் புதினாவும் போட்டு இறக்கும் மூலிகை நீர். அதன் தொடக்கத்தை யாராலும் தேதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரே கெட்டிலில் கொதிக்கும் வெந்நீர்தான் இரண்டுக்கும் பொது.

கறுப்புத் தேநீரின் கதையை அரசியல் வரலாறாகவே வாசிக்கலாம். 1828இல் துருக்மன்சாய் ஒப்பந்தப்படி பாரசீகம் யெரெவான் பகுதியை ரஷ்யப் பேரரசிடம் விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்பும் கேரவன் வழியே தேயிலை வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு நுழைந்தது ரஷ்ய அதிகாரிகளும் சிப்பாய்களும் கொண்டுவந்த சமோவாருடன்தான். நடுவே குழாய் வைத்த பித்தளைப் பாத்திரம். குழாய்க்குள் கரியோ சுள்ளியோ எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும், உச்சியில் சின்ன டீபாட் சூடாக உட்கார்ந்திருக்கும். அந்த டீபாட்டில் இருப்பது கெட்டியான டிகாக்ஷன். கோப்பையில் அதைக் கொஞ்சம் ஊற்றி, அவரவர் விருப்பத்துக்குச் சமோவார் வெந்நீரை விட்டு இளக்கிக் குடிப்பார்கள். பால் கிடையாது. சர்க்கரை உண்டு, கிடைத்தால் ஒரு எலுமிச்சை வில்லை.

இந்த முறை மலைநாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதற்கு ஒரு பௌதிகக் காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆயிரம் மீட்டர் உயரமுள்ள யெரெவானில் 97 பாகைக்குச் சற்றுக் கீழே, 1,900 மீட்டரில் இருக்கும் செவான் ஏரிக்கரையில் 93, 94 பாகையில் கொதி வந்துவிடுகிறது. கறுப்புத் தேயிலை தன் சாரத்தை முழுதாக விட 100 பாகைக்கு அருகே சூடு கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் இலையை நேரே கோப்பையில் போட்டு மூன்று நிமிடத்தில் எடுத்தால் சப்பென்றிருக்கும். சூடான டீபாட்டில் நெடுநேரம் ஊறவிட்டுப் பிறகு இளக்கினால் அந்தக் குறை தெரியாது.

சமோவாரைப் பற்றிப் பேசும்போது மொலொக்கான்களை விட்டுவிட முடியாது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலிருந்து பிரிந்ததற்காக 1830களுக்குப் பின் காகசஸுக்கு அனுப்பப்பட்ட கிறித்துவப் பிரிவினர் இவர்கள். லோரி மாகாணத்தில் ஃபியோலெத்தொவோ, லெர்மன்தொவோ என்ற இரண்டு ஊர்களில் இன்றும் ரஷ்ய மொழி பேசிக்கொண்டு, முட்டைகோஸ் பயிரிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். மதுவைத் தொடாதவர்கள் என்பதால் அவர்களுடைய திருமணம், துக்கம், வழிபாட்டு விருந்து எல்லாவற்றிலும் தேநீர்தான் நடுநாயகம். நகரங்களில் சமோவார் அலங்காரப் பொருளாகிப் பல காலமான பிறகும் இந்த ஊர்களில் அது புகைந்துகொண்டிருக்கிறது.

சோவியத் காலத்தில் கோப்பைக்குள் வந்தது ஜார்ஜியத் தேயிலை. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஒரு சீனர். கன்ஸ்தன்தீன் பப்போவ் என்ற ரஷ்யத் தேயிலை வியாபாரி பட்டூமிக்கு அருகே சாக்வாவில் தோட்டம் போட்டபோது, அவர் அழைப்பின்பேரில் 1893இல் லியூ ஜுன்சோ என்ற வல்லுநர் அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் ஜார்ஜியாவின் தோட்டங்கள் அறுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து, சோவியத் ஒன்றியத்தில் விளைந்த தேயிலையில் மிகப் பெரும்பங்கை அவையே கொடுத்தன. அளவு கூடியபோது தரம் இறங்கியது. கையால் கொழுந்து கிள்ளும் இடத்தில் இயந்திரம் ஓடியது. கொழுந்தோடு தண்டும் முற்றிய இலையும் சேர்ந்து வெட்டுப்பட்டன. அதனால்தான் இந்தியத் தேயிலை கலந்த, யானைப் படம் போட்ட பொட்டலத்துக்கு அவ்வளவு மவுசு. கடையில் வந்ததும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் மட்டும் எடுப்பார்கள்.

ஒன்றியம் உடைந்ததும் ஜார்ஜியத் தோட்டங்களில் பெரும்பாலானவை காடாகிப் போயின. இன்று யெரெவான் கடை அடுக்குகளில் இருப்பவை இலங்கை, இந்திய, கென்ய இலைகள். பல ரஷ்யாவில் பொட்டலமிட்டு வருபவை. 'சிலோன்' என்று அச்சிட்ட பெட்டியாக இருந்தால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நம் மலையகத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து அதில் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு.

இவ்வளவு இருந்தும் ஆர்மீனியாவைத் தேநீர் நாடு என்று யாரும் சொல்வதில்லை. அது காபி நாடு. நீண்ட கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் மாவுபோல அரைத்த காபித்தூளைக் கொதிக்கவிட்டு, வண்டலோடு சின்னக் கோப்பையில் ஊற்றித் தரும் காபி. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடினாலும், வியாபாரம் பேச ஆள் வந்தாலும், அடுப்பில் முதலில் ஏறுவது அதுதான். குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்து வண்டல் கோடுகளில் எதிர்காலம் பார்ப்பதும் கூடவே நடக்கும்.

இந்தக் காபி மோகம் கிழக்கு ஆர்மீனியாவில், அதாவது இன்றைய குடியரசு இருக்கும் நிலத்தில், வேர்பிடித்ததற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் தாயகம் திரும்பியவர்கள். 1915இல் ஒட்டோமான் துருக்கிப் பேரரசில் நடந்த இனப்படுகொலையில் அங்கிருந்து சிதறிய ஆர்மீனியர்களின் குடும்பங்கள் சிரியா, லெபனான், எகிப்து, கிரேக்கம், பிரான்ஸ் என்று பல நாடுகளில் வாழ்ந்துவந்தன. 1946 முதல் 1949 வரை ஏறக்குறைய 90,000 பேர் ஸ்டாலினின் அழைப்பை நம்பி சோவியத் ஆர்மீனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பலருக்கு ஏமாற்றமே மிஞ்சியது; 1949 ஜூனில் அவர்களில் கணிசமானோர் சைபீரியாவின் அல்தாய்ப் பகுதிக்கு நாடுகடத்தவும்பட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களைக் கேலிப்பெயர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் பெய்ரூட்டிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் அவர்கள் கொண்டுவந்த காபிப் பழக்கம், கேலி செய்தவர்களின் சமையலறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கம்பக்கத்தில் காற்று நேரெதிர்த் திசையில் அடித்தது. ஈரானில் 19ஆம் நூற்றாண்டில் காபி பின்வாங்கித் தேநீர் முன்னேறியது. இந்தியாவில் பாரசீகத் துணைத்தூதராக இருந்த காஷெஃப் அல்-சல்தனே 1900ஐ ஒட்டி இங்கிருந்து கன்றுகளைக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார். துருக்கி, முதல் உலகப் போரில் காபி விளையும் யேமனை இழந்தது. பிறகு பட்டூமியிலிருந்து விதை தருவித்து ரீஸே மலைச்சரிவுகளைத் தேயிலையாக்கியது. 1947இல் அங்கே முதல் தொழிற்சாலை திறந்தது. ஒரு காலத்தில் காபிக்கடைகளுக்குப் பேர்போன இரண்டு நாடுகள் தேநீருக்கு மாறின; தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆர்மீனியாவோ காபிக்கு மாறியது. சொந்தத் தோட்டம் இருந்திருந்தால் அரசாங்கமே தேயிலையை மக்கள் தலையில் கட்டியிருக்கும். அது இல்லாததால் ருசி தன் போக்கில் போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

காபி வாசலையும் வரவேற்பறையையும் பிடித்துக்கொண்டதும் தேநீர் வீட்டுக்குள் நகர்ந்தது. காலை உணவோடு தேநீர்: லவாஷ் ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, வெண்ணெய், தேன், பெரிய கோப்பை நிறையச் சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அதுவே. சளி பிடித்தவருக்குத் தேநீர், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தேநீர், மேசையைச் சுத்தம் செய்துவிட்டு இனிப்பு வைக்கும்போது தேநீர். யாரையும் மெச்சவைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஒரு நாட்டின் பானம் எது என்று விருந்தாளி கையில் இருக்கும் கோப்பையை வைத்து முடிவு செய்தால் பாதிதான் தெரியும்.

அந்த இனிப்பு மேசை தனிக் கவனத்துக்கு உரியது. தேநீருக்கு வைக்கிற முதல் பொருள் முராபா, அதாவது பழத்தை முழுசாகவோ பெரிய துண்டாகவோ பாகில் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தது. ஆப்ரிகாட்டைக் கொட்டை நீக்கி, கொட்டைக்குள்ளிருக்கும் பருப்பை உடைத்தெடுத்து மறுபடி பழத்துக்குள் வைத்துக் காய்ச்சுவார்கள். வெள்ளைச் செர்ரி, அத்தி, ரோஜா இதழ், பூசணி, தர்ப்பூசணித் தோல் எல்லாம் பாகில் போகும். பிஞ்சுக் கத்தரிக்காய்கூடத் தப்பாது.

எல்லாவற்றுக்கும் தலை அக்ரூட் முராபா. ஜூன் மாதத்தில், ஓடு இறுகுவதற்கு முன், ஊசி குத்தினால் இறங்கும் பதத்தில் பச்சைக் காய்களைப் பறிக்க வேண்டும். பச்சைத் தோலைச் சீவும்போது கை கறுத்துவிடும், கறை வாரக்கணக்கில் போகாது. அதனால் கையுறை போட்டுக்கொள்வார்கள். சீவிய காயை நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டுக் கசப்பை இறக்கி, சுண்ணாம்புத் தெளிநீரில் கிடத்தி உறுதியாக்கி, கழுவி, ஏலக்காய், கிராம்பு, பட்டை போட்ட சர்க்கரைப் பாகில் விட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். கடைசியில் கிடைப்பது மைபோலக் கறுத்து, பளபளப்பாக, முழுசாகக் கடிக்கும்படி இருக்கும் காய். ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு இனிக்காத தேநீரோடு மெல்லக் கடித்துத் தின்பதே முறை.

மாவுப் பண்டங்களில் கத்தா. வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் சேர்த்து உதிர்த்த பூரணத்தை உள்ளே வைத்துச் சுடுவது. ஊருக்கு ஊர் அளவும் வடிவும் மாறும். கெகார்த் மடாலயத்து வழியில் பெண்கள் விற்கும் வட்டக் கத்தா ஒரு தட்டு அகலம் இருக்கும். மேலே கோலம்போலக் கீறல்கள், சிலவற்றில் எழுத்துகளும் இருக்கும். ஒரு துண்டு சாப்பிட்டால் அடுத்த வேளை உணவு வேண்டாம் என்று ஆகிவிடும், தேநீர் இல்லாமல் தொண்டையில் இறங்கவும் இறங்காது.

நாட்டுக்கு வெளியே இருக்கும் ஆர்மீனியர்கள் அந்தந்த ஊர்த் தேநீரைக் குடிக்கிறார்கள். இஸ்தான்புல்லில் இடை சிறுத்த கண்ணாடிக் குவளை. இஸ்ஃபஹானில், 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் குடியேற்றிய புதிய ஜுல்ஃபாவில், கற்கண்டுபோன்ற சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையில் கடித்துக்கொண்டு உறிஞ்சும் பாரசீகப் பாணி. (சென்னை அரண்மனைக்காரன் தெருவில் மாதா கோயில் கட்டிய ஆர்மீனிய வணிகர்களின் வேரும் இந்த ஜுல்ஃபாதான். பட்டும் துணியும் ரத்தினமுமே அவர்கள் சரக்கு.)

இந்த வரிசையில் துருக்கியின் ஹோப்பா பகுதி வேறு மாதிரி. அங்கே வாழும் ஹெம்ஷின் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே இஸ்லாத்துக்கு மாறியவர்கள்; தங்களை ஆர்மீனியர் என்று சொல்லிக்கொள்ளாதவர்களும் அவர்களில் நிறைய. ஆனால் வீட்டில் பேசுவது மேற்கு ஆர்மீனியத்தின் ஒரு கிளைமொழி. அவர்கள் ஊர்ச் சரிவுகளில் நிற்கும் பயிர் தேயிலை. பறித்த இலையை அரசு நிறுவனமான சாய்குரும் தனியார் ஆலைகளும் வாங்குகின்றன. ஆர்மீனியக் குடியரசு மண்ணில் வளராத செடியை ஆர்மீனியக் கிளைமொழி பேசும் கைகள் எல்லைக்கு அப்பால் பறிக்கின்றன.

இனி மூலிகைக்கு வரலாம். இதில்தான் ஆர்மீனியா யாரிடமும் கடன் வாங்கவில்லை.

கேரளத்தைவிடச் சிறிய இந்த நாட்டில் ஏறக்குறைய 3,800 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. அரைப்பாலைவனத்திலிருந்து பனிமலைப் புல்வெளிவரை உயரம் மாறமாறச் செடியும் மாறுகிறது. அவற்றின் குணம் பார்த்து எழுதிவைத்த மருத்துவ மரபும் நீளமானது. மெகித்தார் ஹெராத்சி காய்ச்சல்களைப் பற்றிய நூலை முடித்தது 1184இல். அமாசியாவில் பிறந்த அமிர்தோவ்லாத் 1478 முதல் 1482 வரை உட்கார்ந்து எழுதிய மருந்து அகராதி ஆயிரக்கணக்கான மருந்துப் பொருள்களை, ஆர்மீனியம், கிரேக்கம், லத்தீன், அரபு, பாரசீகம், துருக்கி என்று பல மொழிப் பெயர்களோடு பட்டியலிடுகிறது. யெரெவானின் மத்தெனதாரான் சுவடிக் காப்பகத்தில் இந்த மருத்துவச் சுவடிகளைப் பாதுகாத்துவருகிறார்கள். படிப்பறிவு இல்லாத பாட்டிமார் வழியே ஓடிவந்த அறிவு இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

மூலிகைகளில் முதலிடம் தைமுக்கு. ஆர்மீனிய மொழியில் ஊர்த்ஸ். பாறைச்சரிவில் தரையோடு படரும், ஊதாப்பூப் பூக்கும் செடி. இதன் வாசம் எப்படி என்று தமிழருக்குச் சொல்வது சுலபம்: நம் ஓமத்தின் வாசமும் இதன் வாசமும் தைமால் என்ற ஒரே எண்ணெய்ப் பொருளிலிருந்து வருபவை. ஓமத்தண்ணீரின் காரத்தைக் குறைத்து, மலைப்புல்லின் வாசம் கொஞ்சம் சேர்த்தால் ஊர்த்ஸ் தேநீர் வந்துவிடும். சுட்ட இறைச்சி விருந்துக்குப் பிறகு வயிறு கனக்கும்போது அவர்கள் கேட்பதும் இதைத்தான். நம் வீட்டில் ஓமம் போகும் அதே வேலைக்கு.

பூக்கும் பருவமான ஜூன், ஜூலையில் நுனித்தண்டை வெட்டி, வெயில் படாத நிழலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். வேரோடு பிடுங்குவது சுலபம், நேரமும் மிச்சம். ஆனால் அந்தப் பாறையில் மறுவருடம் செடி இருக்காது. விற்பனைக்காக மொத்தமாகப் பறிப்பவர்கள் பெருகப் பெருக இதுதான் பெரிய கவலை. தைமோடு காட்டுப் புதினா, ஆரிகேனோ, சாமந்தி போன்ற கெமோமைல், லிண்டன் பூ இவற்றையும் கலப்பதுண்டு. இலையுதிர் காலத்தில் காட்டு ரோஜாவின் சிவந்த பழம் வரும், பெயர் மசூர். அதைக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்கக் குடிப்பார்கள். யெரெவானின் கும் சந்தையில் இவை துணிப்பையிலும் தாளிலும் மலைபோலக் குவிந்திருக்கும். செவான் ஏரிக்கும் தத்தேவ் மடாலயத்துக்கும் போகும் சாலையோரங்களில் வயதான பெண்கள் கட்டுக் கட்டாக விற்பார்கள்.

1992 முதல் 1995 வரையிலான இருண்ட ஆண்டுகளில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. மெத்சமோர் அணு உலை மூடியிருந்தது, துருக்கி, அஜர்பைஜான் எல்லைகள் அடைபட்டிருந்தன, மின்சாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். வீட்டுக்குள் ஒரே ஒரு விறகடுப்பு. அதன் தலையில் எப்போதும் ஒரு கெட்டில். வெளிநாட்டுச் சரக்கு எட்டாத விலையில் இருந்தபோது மலையில் பறித்தது இலவசமாகக் கிடைத்தது.

இந்த மூலிகை நீரை அன்றாடம் குடித்துப் பார்க்க விரும்பினால் செய்முறையில் சூட்சுமம் ஒன்றுதான். கொதிக்கவிடக் கூடாது. கால் லிட்டர் தண்ணீரைக் கொதித்து இறக்கி, ஒரு தேக்கரண்டி உலர்ந்த தைமை இட்டு, உடனே மூடிவிட வேண்டும். தைமால் ஆவியோடு பறக்கும் பொருள். மூடியைத் திறந்துவைத்தால் வாசம் அறைக்குப் போகும், கோப்பையில் வெந்நீர் மிஞ்சும். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். தேன் போடுவதானால் குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு. மசூருக்கு இந்தக் கணக்கு ஆகாது: கடினமான பழம் என்பதால் நசுக்கி, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க வைத்து, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பொடி மயிர் தொண்டையை அரிக்கும், அதனால் வடிகட்டுவதில் சோம்பல் கூடாது.

பொட்டலம் வாங்கும்போது கலவைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. 'மலை மூலிகைத் தேநீர்' என்று வரும் சில கலவைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள்பூச் செடி இருக்கும். மன அழுத்த மாத்திரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்று அறுவைக்குப் பிந்தைய மருந்துகள் ஆகியவற்றோடு அது மோதும். மருந்தின் வேலையைக் குறைக்கவோ பக்கவிளைவைக் கூட்டவோ செய்யும். அந்த மருந்துகள் எடுப்பவர்கள் தனித் தைமோ தனிப் புதினாவோ வாங்கிக்கொள்ளலாம். அதுவும் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.